நான் எழுதிக்கொடுத்த ‘ஹோம்லி’

இங்கிலீஷ் டீச்சராக இருந்த காலம் முழுக்க ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். முதல் சில வருஷங்கள் தெரியாமல் செய்தது. வாத்தியார் வேலையில் அப்படி எத்தனையோ நடக்கும், திருத்திக்கொள்ளலாம். ஆனால் தெரிந்த பிறகும் விடாமல் சொல்லிக்கொடுத்தேன். ஊரார் வீட்டுப் பெண்களைப் பற்றி அந்தச் சொல்லை எழுதியும் கொடுத்தேன். அதுதான் நெஞ்சில் நிற்கிறது. அந்தச் சொல் ‘ஹோம்லி’.

கும்பகோணத்துப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வொக்காபுலரி நோட்டு தனியாக உண்டு. நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். ‘ஹோம்லி’க்கு எதிரில் ‘குடும்பப் பாங்கான’ என்று போர்டில் எழுதுவேன். எதிர்ச்சொல் கேட்டால் ‘மாடர்ன்’ என்பேன். எந்த அகராதியிலும் அப்படிக் கிடையாது. மணமகள் தேவை விளம்பரங்களிலும் சினிமாப் பத்திரிகைகளிலும் படித்துப் படித்து என் மனதில் தங்கியிருந்ததைப் பாடம் என்ற பெயரில் பிள்ளைகளின் நோட்டில் இறக்கிவைத்தேன்.

ஒரு வருஷம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கையில் தடியான ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, சிங்கப்பூரிலிருந்து அவள் மாமா வாங்கி வந்தது. “மிஸ், இதுல வேற மாதிரி போட்டிருக்கு. பார்க்க அழகா இல்லாதவங்கன்னு போட்டிருக்கு மிஸ்.” வகுப்பு சிரித்தது. அகராதியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கலாம். வாங்கவில்லை. “அது அமெரிக்காக்காரன் சொல்றது. நமக்குப் பரீட்சைக்கு பிரிட்டிஷ் இங்கிலீஷ்தான். உட்காரு” என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் பீரோவில் இருந்த அகராதியைப் புரட்டினேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. அமெரிக்க வழக்கு என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னதும் தற்செயலாகச் சரியாகவே இருந்தது. ஆனால் நான் சொல்லிக்கொடுத்த பொருள் நான் நினைத்த வடிவத்தில் அங்கே இல்லை. ‘மாடர்ன்’ அறவே இல்லை. மறுநாள் வகுப்பில் இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். சொல்லவில்லை. அடுத்து நோட்டுத் திருத்தும்போது பார்த்தேன்: நான் கொடுத்த பொருளுக்குக் கீழே, பென்சிலில், பொடி எழுத்தில், அகராதியில் கண்டதையும் அவள் எழுதிவைத்திருந்தாள். சிவப்புப் பேனாவால் அதைக் குறுக்காக அடித்து, ஓரத்தில் டிக் போட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். அது சரியான விடை என்று தெரிந்துதான் அடித்தேன்.

அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

‘ஹோம்’ என்பதோடு ‘லி’ சேர்ந்தது இந்தச் சொல். ‘லி’யில் முடிவதைப் பார்த்து ‘ஸ்லோலி’, ‘குயிக்லி’ போல இதுவும் அட்வெர்ப் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். பெயர்ச்சொல்லோடு ‘லி’ சேர்ந்தால் பெரும்பாலும் கிடைப்பது அட்ஜெக்டிவ்: ஃப்ரெண்ட்லி, மதர்லி, காஸ்ட்லி. ஒப்பிட்டுச் சொன்னால் ஹோம்லியர், ஹோம்லியஸ்ட். அந்த ‘லி’ பழைய ஆங்கிலத்தில் உடல், உருவம் என்று பொருள்பட்ட ஒரு சொல்லின் மிச்சம். ‘லைக்’ என்பதற்கும் அதுதான் வேர். ஆகவே வீட்டைப் போன்றது, வீட்டின் தன்மை உடையது என்பதுதான் தொடக்கத்துப் பொருள். இந்த இலக்கணத்தில் நான் பிழை செய்யவில்லை.

பொருள்தான் நாடு மாறி, நூற்றாண்டு மாறி எங்கெங்கோ போயிருக்கிறது. இங்கிலாந்தில் நாரிச் நகரத்தில் ஜூலியன் என்று அறியப்படும் பெண் துறவி ஒருவர் இருந்தார். 1373 மே மாதம், முப்பது வயதில், சாகக் கிடந்தபோது கண்ட காட்சிகளைப் பிறகு புத்தகமாக எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதியதாக நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய நூல் அதுதான் என்று கருதப்படுகிறது. அதில் கடவுளின் அன்பைச் சொல்ல அவர் திரும்பத் திரும்ப எடுக்கும் சொல் இந்த ‘ஹோம்லி’. பயந்து தள்ளி நிற்க வேண்டாத நெருக்கம், நம் வீட்டு மனுஷர் என்ற உரிமை. அதோடு ‘கர்ட்டியஸ்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்கிறார். அரசவை மரியாதையும் வீட்டு உரிமையும் ஒருவரிடமே இருக்கும் என்பது அவர் கண்டது. தேவாலயத்தை ஒட்டிய ஒரு சிறிய அறைக்குள் தானே விரும்பித் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்தவர் அவர். அவருக்கு அந்தச் சொல் கதவைச் சாத்தவில்லை, திறந்தது. இதைப் படித்த நாளில் என் வொக்காபுலரி நோட்டை நினைத்து எனக்கு மனசு கூசியது.

வீட்டில் இருப்பது அலங்காரம் இல்லாதது, எளிமையானது. எளிய உடை, எளிய பேச்சு, எளிய சாப்பாடு எல்லாம் ஹோம்லி ஆயின. அங்கிருந்து ஒரு படி தள்ளினால், பளிச்சென்று இல்லாத முகமும் ஹோம்லி. இந்தக் கடைசிப் பொருளை அமெரிக்கா கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்திலேயே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. மில்டனின் ‘கோமஸ்’ 1634-இல் லட்லோ கோட்டையில் மேடையேறிய நாடகம். அதில் அழகற்ற முகத்தையும் வீட்டில் அடைந்துகிடப்பதையும் இந்தச் சொல்லை வைத்தே முடிச்சுப் போடும் ஓர் இடம் உண்டு. அந்த வாதத்தைச் சொல்பவன் ஒரு பெண்ணை மயக்கப் பார்க்கும் மந்திரவாதி. மில்டன் அதை வேறு யார் வாயிலும் வைக்கவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பிற்பாடு கடலின் இரு கரையும் சொல்லைப் பங்கு போட்டுக்கொண்டன. அமெரிக்காவில் ஆளைப் பற்றிச் சொன்னால் பார்க்க லட்சணமில்லாதவர் என்ற பொருளே முதலில் நிற்கிறது. ஆபிரகாம் லிங்கனை அவர் காலத்தவர் அப்படித்தான் சொன்னார்கள். ‘அக்லி’ என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிட இது கொஞ்சம் மெத்தென்றது. வீட்டைப் போலச் சுகமான இடம் என்று சொல்ல அங்கே ‘ஹோமி’ என்ற வேறு சொல் இருக்கிறது. பிரிட்டனிலோ ‘ஹோம்லி’ என்றால் இன்னமும் அந்தச் சுகம்தான். டோல்கீன் 1937-இல் வெளியிட்ட ‘தி ஹாபிட்’டில், களைத்து வரும் பயணிகள் தங்கி இளைப்பாறும் எல்ரண்டின் மாளிகைக்கு ‘லாஸ்ட் ஹோம்லி ஹவுஸ்’ என்றே பெயர். அமெரிக்கப் பொருளை அங்கே வைத்துப் படித்தால் அந்த வீடு பாழாகிவிடும்.

ஜெர்மன் மொழியில் இதற்கு ஓர் உறவு உண்டு, ‘ஹைம்லிஷ்’ என்று. அதுவும் வீடு என்ற வேரில் பிறந்ததுதான். வீட்டைச் சேர்ந்தது என்று தொடங்கி, வெளியார் கண்ணில் படாதது என்றாகி, இன்று ‘ரகசியமான’ என்றே பொருள். ஃபிராய்ட் 1919-இல் எழுதிய ஒரு பெயர்பெற்ற கட்டுரை இந்தச் சொல்லையும் அதன் எதிர்ச்சொல்லையும் வைத்துத்தான் தொடங்குகிறது. வீட்டுக்குள் இருப்பது என்பது மறைக்கப்பட்டது என்பதாக மாறுவதற்கு மொழிக்கு அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. நான் இந்தச் சொல்லை வைத்துச் செய்ததும் மறைக்கிற வேலைதான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நம் ஊரில் ‘ஹோம்லி’ வேறொரு பிறவி எடுத்தது. மெஸ் வாசலில் ஹோம்லி ஃபுட். பேட்டியில் நடிகை, ஹோம்லியாகவும் பண்ணுவேன், கிளாமராகவும் பண்ணுவேன் என்பார். புடவை, தலை நிறையப் பூ, நெற்றியில் பொட்டு எல்லாம் சேர்ந்தால் ஹோம்லி லுக். அமெரிக்காவில் வசையாக இருப்பது இங்கே அழகுக்கே ஒரு பெயர். இதில் ஒரு தப்பும் இல்லை. சொற்கள் வந்த இடத்தில் வேர்விடத்தான் செய்யும். கல்யாண விளம்பரத்துக்குள் போனபோதுதான் அதன் சுமை கூடியது. பேப்பரில் வரி விளம்பரத்துக்கு வரிக்கு இவ்வளவு, வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. பெண்ணைப் பற்றிச் சொல்ல நினைப்பதையெல்லாம் இரண்டு மூன்று அட்ஜெக்டிவுக்குள் அடக்கியாக வேண்டும். ஃபேர் என்றால் தோல் நிறம். ஹோம்லி என்றால் சமைப்பாள், மாமனார் மாமியாருக்கு அடங்கி நடப்பாள், எதிர்த்துப் பேச மாட்டாள், வேலைக்குப் போகிறேன் என்று கிளம்ப மாட்டாள். இவ்வளவும் ஒரே சொல்லுக்குள். எவரும் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளாமலே எல்லாருக்கும் புரிகிற ஏற்பாடு.

எங்கள் தெருவிலும் சுற்றுப்பட்டிலும் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால் பயோடேட்டா எழுத என்னிடம் வருவார்கள். காசு வாங்கியதில்லை. டீச்சர் எழுதினால் இங்கிலீஷ் நன்றாக இருக்கும் என்று அவர்கள் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி. எம்.எஸ்ஸி. கணிதம் முடித்திருந்தாள். அவள் அம்மா ஒரு சாயங்காலம் ஜாதகத்தின் ஜெராக்ஸோடு வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. “டீச்சர், ஜாதகத்தைக் கையில எடுத்துட்டோம். வெளிநாட்டு வரன்கூட வருது. நல்லா எழுதிக் குடுங்க.” பெண்ணும் கூட வந்திருந்தாள். நிலைப்படிக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நட்சத்திரம், கோத்திரம், உயரம், அப்பா வேலை என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அம்மாதான் பதில் சொன்னார். பிறந்த தேதியைக்கூட அவளிடம் நான் கேட்கவில்லை.

கடைசியில் அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, “வேலைக்கு அனுப்புற எண்ணமில்லைன்னு எப்படிப் போடறது டீச்சர்? பட்டுன்னு போட்டாலும் நல்லாருக்காது, போடாமயும் இருக்க முடியாது” என்றார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “ஹோம்லின்னு போட்டாப் போதும்மா. புரிஞ்சிக்குவாங்க.”

அந்தப் பெண் பி.எட். சேரப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று என்னிடம்தான் வந்து விசாரித்திருந்தாள். நானே சேரச் சொல்லி உற்சாகப்படுத்தியும் இருந்தேன். தினமும் காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி வேலைக்குப் போய்வந்தவள் நான். என் சம்பளத்தில் வீடு கட்டினோம். அப்படிப்பட்ட நான் அந்தத் தாளில், அவள் கண்ணெதிரே, அவளைக் கேட்காமல், அந்தச் சொல்லை எழுதினேன். “பி.எட். படிக்க விருப்பம் என்று ஒரு வரி சேர்க்கலாமா?” என்று அந்த அம்மாவிடம் கேட்டிருக்கலாம். மறுத்திருப்பார் என்றே வைத்துக்கொள்கிறேன். கேட்டிருக்கலாம்.

ஏன் கேட்கவில்லை என்று நானே பல தடவை யோசித்திருக்கிறேன். ‘இவள் வேலைக்குப் போக விரும்பவில்லை’ என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்லியிருந்தால் என் கை தயங்கியிருக்கும். அது பொய், நான் பொய் எழுத மாட்டேன். வாக்கியத்துக்கு எழுவாய் உண்டு, வினை உண்டு, உண்மையா பொய்யா என்று யாரும் கேட்கலாம். அட்ஜெக்டிவை அப்படி யாரும் கேட்பதில்லை. ஹோம்லி என்பது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. கேட்டால் குடும்பத்தோடு ஒட்டுதலான பெண் என்ற பொருளில் எழுதினேன் என்று சொல்லிவிடலாம். எழுதச் சொன்னவரும் திருப்திப்பட்டார், எனக்கும் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. என் மனசாட்சிக்குச் சௌகரியமான சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தத் தாள் நியூ ஜெர்சியில் இருந்த ஒரு குடும்பத்துக்குப் போயிற்று. அப்பா அம்மா நம் ஊர்க்காரர்கள், அவர்களுக்கு விளங்கியது. பையன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். பெண்ணைப் பெற்றவர்களே தங்கள் பெண் பார்க்க நன்றாக இருக்க மாட்டாள் என்று ஏன் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டானாம். உறவுக்காரர் ஒருவர் மூலம் பேச்சு இங்கே வந்து சேர்ந்தது. அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

சில நாள் கழித்து அந்தப் பெண் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “மிஸ், அந்த பயோடேட்டா நீங்க எழுதினதுதானே?” ஆமாம் என்றேன். நியூ ஜெர்சி சமாசாரத்தைத்தான் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, அமெரிக்கப் பொருள் வேறு, பிரிட்டிஷ் பொருள் வேறு என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். குறுக்கிட்டாள். “அது பரவால்ல மிஸ். அழகா இல்லன்னு நினைச்சா நேர்ல பார்க்கும்போது தெரிஞ்சிடும். நம்ம ஊர் அர்த்தத்தைத்தான் நான் கேக்கறேன். நான் பி.எட். போகணும்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“பயோடேட்டான்னா அப்படித்தாம்மா. எல்லாப் பொண்ணுக்கும் போடறதுதான். அதைப் போய் பெருசா எடுத்துக்கிட்டு” என்றேன். என் வகுப்பில் அட்ஜெக்டிவ் என்றால் என்னவென்று கேட்டால் ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் சொல் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். எல்லாப் பெண்ணுக்கும் போடுகிற சொல் எந்தப் பெண்ணைக் காட்டும்? அவள் அப்படித் திருப்பிக் கேட்கவில்லை. “சரி மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம் அவளுக்குத் திருச்சிப் பக்கம் கல்யாணம் ஆயிற்று. அங்கே போனதும் நான் எழுதிய தாளின் நகல்தான். அந்த வீட்டார் அந்தச் சொல்லை நம் ஊர்ப் பொருளில் சரியாகவே படித்திருந்தார்கள். கல்யாணமான மறுவருஷம் அவள் பி.எட். பேச்சை எடுத்தபோது, பெண் ஹோம்லி என்று நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள் என்று அவள் அப்பாவைக் கேட்டார்களாம். இதை அவள் அம்மாவே என்னிடம் சொன்னார். என்மேல் குறையாகச் சொல்லவில்லை. பெண் பிடிவாதம் பிடிக்கிறாள், நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் வந்தார். எடுத்துச் சொல்ல நான் போகவில்லை. பிழை என்னுடையது என்றும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

ஒரு சொல்லால் ஒரு வாழ்க்கை பாழாகிவிட்டது என்று கதை கட்ட மாட்டேன். அது உண்மையும் இல்லை. குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு அவள் பி.எட். முடித்து வேலைக்கும் போனாள் என்று கேள்விப்பட்டேன். அவள் முயற்சியில் அவள் வந்தாள். ஆனால் நடுவில் கழிந்த வருஷங்களில், அவளுடைய சொந்த விருப்பத்துக்கு எதிராக ஒரு தாள் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அதை எழுதிய கை என்னுடையது.

இவ்வளவு நடந்தும் நான் நிறுத்தவில்லை. இதைச் சொல்லத்தான் மிகவும் தயங்கினேன். எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் அந்த பயோடேட்டாவை ஒரு ஃபைலாகப் போட்டுவைத்திருந்தார்கள். அடுத்து யார் வந்தாலும் அதையே திறந்து, பெயர், நட்சத்திரம், படிப்பு மட்டும் மாற்றிப் பிரிண்ட் எடுப்பது வழக்கம். ‘ஹோம்லி’ அங்கேயே கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானே சரிபார்ப்பேன். ஸ்பெல்லிங் பிழை இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தச் சொல்லின் மேல் கண் போகும், நகரும். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று பெண்ணிடம் கேட்க வேண்டிவரும். கேட்டால் அவள் ஏதாவது சொல்லிவிடுவாள். அம்மா முகம் மாறும். அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் அத்தனை பெண்களையும் ஒரே சொல்லுக்குள் போட்டு அனுப்பினேன். எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை.

வகுப்பிலும் அதே கதைதான். அகராதியைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண்ணுக்குப் பிறகு வந்தவர்களுக்கும் ‘குடும்பப் பாங்கான’ என்றே எழுதிப்போட்டேன். எதிர்ச்சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். பாதித் திருத்தம். யாரும் கேட்காதபடி திருத்திக்கொண்டேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை வேறு விதமாகச் சொல்கிறேன். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவரும் சகாக்களும் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948-இல் மறுபடி வெளியிட்டது. இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழியில் வந்ததுதான். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கென்றே செய்தது. அதனால்தான் பொருளுக்கு முன்னால் சின்னச் சின்னக் குறிப்புகள் இருக்கும்: பிரிட்டிஷ் வழக்கு, வட அமெரிக்க வழக்கு, பாராட்டு, பழிப்பு. அந்தக் குறிப்புகளைத்தான் நான் முப்பது வருஷமும் தாண்டிப் படித்தேன். இப்போது அங்கேதான் முதலில் விரலை வைக்கச் சொல்கிறேன். ‘ஹோம்லி’யின் கீழே ஒரு பொருளுக்குப் பாராட்டு என்றும் இன்னொன்றுக்குப் பழிப்பு என்றும் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். எந்த நாட்டான் சொன்னால் எது என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பதும் பொருளை மாற்றும். ‘எ ஹோம்லி ரூம்’ என்றால் பிரிட்டனில் மனசுக்கு இதமான அறை. ‘எ ஹோம்லி ஃபேஸ்’ என்றால் அமெரிக்காவில் வசை, பிரிட்டனிலும் சொல்லாமல் இருப்பதே நல்லது. சாப்பாட்டைச் சொல்ல ‘ஹோம் குக்ட்’ என்று எழுதினால் எந்த நாட்டிலும் குழப்பம் வராது. வீட்டைச் சொல்ல ‘கோஸி’ இருக்கிறது. ஆளைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதை வினைச்சொல் போட்டு எழுதுங்கள் என்கிறேன். ஷி குக்ஸ். ஷி டீச்சஸ். ஷி வான்ட்ஸ் டு ஸ்டடி. வாக்கியம் எளிது, பிழை வராது, பொய்யும் சட்டென்று வராது. இந்திய வழக்கையும் மறைக்காமல் சொல்கிறேன்: நம் ஊர் விளம்பரத்தில் இதற்கு இன்ன பொருள், படித்தால் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் யாரைப் பற்றியும் அவரைக் கேட்காமல் எழுதாதீர்கள். இதைச் சொல்லும்போது பெண் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பையன்கள் பெரும்பாலும் எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்களும் பார்க்க வேண்டும் என்று பேனாவைக் கீழே வைக்கச் சொல்கிறேன்.

பயோடேட்டா எழுதிக் கொடுப்பதை அடியோடு விட்டுவிடவில்லை. இப்போது அம்மா அப்பா மட்டும் வந்தால் எழுதுவதில்லை. பெண்ணை அழைத்து வரச் சொல்கிறேன். சிலர் அழைத்து வருகிறார்கள். சிலர் வேறிடம் போய் எழுதிக்கொள்கிறார்கள். அங்கே என் பழைய ஃபைலின் ஏதோ ஒரு நகல் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும்.

திருச்சிக்குப் போன பெண்ணிடம் நான் இதுவரை பேசவில்லை. அவளைப் பற்றி அன்று நான் அறிந்திருந்தது எதுவும் அந்தத் தாளில் இல்லை. நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான்: எம்.எஸ்ஸி. கணிதம், முதல் வகுப்பு. பி.எட். படிக்கப்போகிறார். ஆசிரியர் வேலைக்குப் போக விரும்புகிறார். தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சமையல் தெரியும். அம்மாவோடு கோவிலுக்குப் போவது பிடிக்கும். கேள்வி கேட்பார். கேட்டதற்குப் பதில் கிடைக்கும்வரை காத்திருப்பார்.